நடிகை பேனா எடுத்தால் குடிமுழுகிப் போகுமா?

சென்ற வாரம் செங்கற்பட்டில் ஒரு கூட்டம் முடிந்து ரயிலடிக்கு வந்துகொண்டிருக்கையில், மாமல்லபுரத்துக்கு அடுத்த குப்பத்துத் தோழர் ஒருவர் நம்மைத் தனியாக அழைத்து ஒரு சங்கடத்தைச் சொன்னார். அவருடைய மகள் நாடகங்களில் வேஷம் போட்டு வருகிறாளாம். அதில் அவருக்கு ஆட்சேபணை இல்லையாம். இப்போது தானே ஒரு கதை எழுதி, சிநேகிதிகளைச் சேர்த்துக்கொண்டு ஒரு சிறு படம் எடுக்கப் போகிறேன் என்கிறாளாம். "வேஷம் கட்டுகிற பெண்ணுக்கு எழுத்து எதற்குங்க? பேர் கெட்டுப் போகுமே!" என்றார்.

தோழர் புராணப் புரட்டைப் பற்றி ஆரம்பித்தால் ஒன்றரை மணி நேரம் விடாமல் பேசக்கூடியவர். அப்பேர்ப்பட்டவருக்கே இந்தப் பயம் என்றால் மற்றவர்களைப் பற்றிச் சொல்லுவானேன்? பிறர் எழுதிக் கொடுத்ததைப் பேசி நடிக்கும்போது கெடாத பேர், தான் நினைத்ததைத் தானே எழுதினால் மட்டும் எப்படிக் கெடும்?

டி.பி. ராஜலக்ஷ்மியின் சங்கதியை அவருக்குச் சொன்னோம். 1911-ல் திருவையாற்றில் பார்ப்பனக் குடும்பத்தில் பிறந்தவர். அக்கிரகாரத்துப் பெண்ணாயிற்றே என்று சாஸ்திரம் அவருக்குச் சலுகை காட்டவில்லை. பொம்மை வைத்து விளையாடுகிற வயதில் கலியாணம்; அது நிலைக்கவுமில்லை. தகப்பனாரும் இறந்த பின் வயிற்றுப் பாட்டுக்கு நாடக மேடை ஏறினார். 1931-ல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும் படமாகிய "காளிதாஸ்"-க்குக் கதாநாயகி அவரே. "சினிமா ராணி" என்று ஜனங்கள் கொண்டாடினார்கள். பட்டத்தோடு நின்றிருந்தால் ஒருவருக்கும் உபத்திரவமில்லை. அவரோ "கமலவல்லி" என்று நாவல் எழுதினார். 1936-ல் அதையே "மிஸ் கமலா" என்ற படமாக்கி, கதை, டைரக்ஷன், தயாரிப்பு யாவற்றையும் தாமே ஏற்று, நடிக்கவும் செய்தார். பின்னர் "மதுரை வீரன்" எடுத்தார்.

நடிகைக்கு எழுத என்ன தெரியும் என்று கேட்பவர்கள் நம் ஊர் ஸ்பெஷல் நாடகத்தைப் பார்த்ததில்லை போலும். ஒரு ஊர் வள்ளியும் வேறொரு ஊர் நாரதரும் ஒத்திகையில்லாமல் அன்று இராத்திரிதான் மேடையில் சந்திப்பார்கள். தர்க்கத்தில் அவர் ஒன்று கேட்க, இவள் அந்த க்ஷணமே பதில் கட்டிச் சொல்ல வேண்டும். சொல்லத் தவறினால் கொட்டகை சிரிக்கும். விடிய விடிய வாயால் வசனம் எழுதியவளுக்குக் கையால் எழுதுவதா பிரமாதம்?

இது நம் நாட்டு அதிசயமுமல்ல. அமெரிக்காவில் மேடை நடிகையாயிருந்த லோயிஸ் வெபர் ஊமைப்படக் காலத்திலேயே கதை எழுதிப் படமெடுத்து, 1917-ல் சொந்த ஸ்டூடியோவும் வைத்தார். பம்பாயில் உருது நாடக மேடையிலிருந்து வந்த பாத்மா பேகம் 1926-ல் படம் டைரக்ட் செய்தார். நம் பக்கத்தில் பானுமதி 1953-ல் "சண்டிராணி"யை மூன்று பாஷைகளில் எடுத்தார்.

நிற்க. மாமல்லபுரத்துக் குகையில் ஒரு பெண் சிங்கத்தின் மேலேறி, வில்லேந்தி, மகிஷனோடு போர் செய்கிறாள். அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் பக்தர், தன் வீட்டுப் பெண் ஒரு ஒப்பந்தக் காகிதத்தில் கையெழுத்திட்டால் குலம் கெட்டதாகக் கூவுகிறார்! உண்மையான கோபம் எழுத்தின் மேல் அல்ல. நடிப்பவள் கூலி வாங்குகிறாள். எடுப்பவளோ சொத்துக்காரி ஆகிறாள். கூலிக்காரப் பெண்ணைச் சகிக்கிற ஆண்பிள்ளை சொத்துக்காரியைச் சகிப்பதில்லை. 1929 பிப்ரவரியில் இதே செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு பெண்ணுக்குச் சம சொத்துரிமை வேண்டுமென்று தீர்மானித்தது. தமிழ்நாட்டில் அது சட்டமாக 1989 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. சட்டம் வந்த பிறகும் தகப்பன்மார் மனது வர எத்தனை வருஷமோ!

பணம் நஷ்டமானால் என்ன செய்வது என்று தோழர் கேட்டார். நியாயமான கேள்விதான்; சினிமாவில் கை சுட்டுக்கொண்டவர்கள் அநேகர், ஆண்களும் உள்பட. ஆனால் இன்று கைப்பேசியிலேயே காமிரா இருக்கிறது. தெருக்கூத்துக்கு ஆகிற செலவுகூட ஆகாமல் சிறு படம் எடுக்கிறார்கள். மகன் படகு வாங்கக் கடன் கேட்டால் இவ்வளவு கேள்வி கேட்பீரா என்றோம். பதில் சொல்லாமல் சிரித்தார்.

அந்த "மிஸ் கமலா"வை எங்கே பார்க்கலாம் என்றார். பார்க்க முடியாது, படச்சுருள் அழிந்துவிட்டது. ரயில் வந்துவிட்டது. ஏறப்போகும்போதுதான், மகளின் நோட்டுப் புத்தகத்தைப் பிடுங்கிப் பரண்மேல் போட்டிருப்பதை ஒப்புக்கொண்டார். இன்று இராத்திரியே அதை இறக்கிக் கொடுத்துவிடும் என்று சொல்லி அனுப்பினோம்.