கடவுச்சொல்லை எழுதி வைப்பது குற்றமில்லை

வங்கி, மின்னஞ்சல், வருமான வரி, வருங்கால வைப்பு நிதி, ரயில் முன்பதிவு, மின்கட்டணம், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் என்று ஒரு நடுத்தரக் குடும்பத்தின் இணையக் கணக்குகளை எண்ணத் தொடங்கினால் இரு கை விரல்கள் போதாது. இவை அனைத்துக்கும் நமக்குச் சொல்லப்படும் விதிகள் மூன்று. ஒவ்வொரு கணக்குக்கும் தனிக் கடவுச்சொல் வேண்டும், அதை அடிக்கடி மாற்ற வேண்டும், எங்கும் எழுதி வைக்கக் கூடாது. மூன்றையும் ஒருசேரக் கடைப்பிடிக்கச் சாதாரண மனிதரின் நினைவாற்றலால் ஆகாது. அதனால் பெரும்பாலோர் முதல் விதியைக் கைவிடுகிறார்கள். பேரனின் பெயர், பிறகு @ குறி, பிறகு 123 என்று ஒன்றை அமைத்து எல்லா இடத்திலும் அதையே போடுகிறார்கள். மாற்றச் சொல்லி வற்புறுத்தினால் 123 என்பது 124 ஆகிறது. கைவிட வேண்டியது மூன்றாவது விதியைத்தான் என்பது என் கருத்து. எழுதி வையுங்கள், ஆனால் ஒன்றையே இரண்டு இடத்தில் போடாதீர்கள்.

ஒரே கடவுச்சொல்லைப் பல இடங்களில் பயன்படுத்துவதால் வரும் கேடு கற்பனையானதல்ல. ஏதோ ஒரு சிறு தளத்திலிருந்து திருடப்பட்ட மின்னஞ்சல் முகவரிகளையும் கடவுச்சொற்களையும் மற்ற தளங்களில் இயந்திரத்தைக் கொண்டு வரிசையாகப் போட்டுப் பார்ப்பது இன்று திருடர்களின் அன்றாட வேலை. 2023இல் 23அண்ட்மீ என்ற அமெரிக்க மரபணுப் பரிசோதனை நிறுவனத்தில் இப்படித்தான் சுமார் 14,000 கணக்குகளுக்குள் நுழைந்தார்கள். அந்தத் தளம் உறவினர்களை ஒருவருக்கொருவர் காட்டும் வசதியைத் தந்திருந்ததால், அந்தக் கணக்குகளின் வழியாக ஏறத்தாழ 69 லட்சம் பேரின் விவரங்கள் வெளியே போயின. அவர்களில் மிகப் பெரும்பாலோர் எந்தத் தவறும் செய்யாதவர்கள், யாரோ ஒரு தூரத்து உறவினர் பழைய கடவுச்சொல்லையே மீண்டும் போட்டதற்கு இவர்கள் விலை கொடுத்தார்கள். அதற்கு முன்பே, 2012இல், வேறிடத்தில் திருடப்பட்ட கடவுச்சொல்லைக் கொண்டு டிராப்பாக்ஸ் ஊழியர் ஒருவரின் கணக்குக்குள் புகுந்திருந்தார்கள். கணினியோடே வாழ்பவர்களுக்கே இந்த நிலை என்றால், ஓய்வூதியத்துக்காக மட்டும் இணையத்துக்கு வருபவரைக் குறை சொல்லி என்ன பயன்?

அடிக்கடி மாற்று, பெரிய எழுத்தும் எண்ணும் குறியும் கலந்து போடு என்ற அறிவுரை பரவியதற்கு அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய நிறுவனம் 2003இல் வெளியிட்ட வழிகாட்டி ஒரு முக்கியக் காரணம். அதே நிறுவனம் 2017இல் இரண்டு கட்டாயங்களும் வேண்டாம் என்று திருத்தி எழுதியது. பழைய வழிகாட்டியை எழுதிய பில் பர், தாம் செய்ததில் பெரும்பகுதிக்காக வருந்துவதாக அந்த ஆண்டே வெளிப்படையாகச் சொன்னார். நம் ஊர்த் தளங்கள் பலவற்றுக்கு இந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

நோட்டில் எழுதினால் திருடு போகாதா என்று கேட்பார்கள். போகலாம். ஆனால் நம் கணக்கைக் குறிவைப்பவர் எங்கோ தொலைவில் திரைக்கு முன் உட்கார்ந்திருப்பவர், அவர் பீரோவைத் திறக்க வரப்போவதில்லை. பத்திரமும் நகையும் இருக்கும் பீரோவில் நோட்டும் இருக்கலாம், கைப்பையிலும் அலுவலக மேசையிலும்தான் இருக்கக் கூடாது. வீட்டுக்குள்ளேயே நம்பிக்கையில்லாத சூழலில் வாழ்பவர்களுக்கு, குறிப்பாகக் கணவரின் கண்காணிப்புக்கு அஞ்சும் பெண்களுக்கு, நோட்டு உதவாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவர்களுக்கும், கைபேசியில் பழகியவர்களுக்கும் பிட்வார்டன், கீபாஸ் போன்ற இலவசச் செயலிகள் இருக்கின்றன. அவை கடவுச்சொற்களைத் தாமே உருவாக்கி, பூட்டிய கோப்பில் வைத்துக்கொள்கின்றன. எல்லாவற்றையும் ஓரிடத்தில் வைப்பது ஆபத்தில்லையா என்ற அடுத்த கேள்வியும் நியாயமானதே. 2022இல் லாஸ்ட்பாஸ் என்ற சேவையிலிருந்து வாடிக்கையாளர்களின் பெட்டகங்களையே நகலெடுத்துச் சென்றார்கள். ஆனால் உள்ளிருந்த கடவுச்சொற்கள் குறியாக்கம் செய்யப்பட்டிருந்தன. பெட்டகத்தைத் திறக்கும் முதன்மைக் கடவுச்சொல்லை நீளமாகவும் ஊகிக்க முடியாததாகவும் வைத்திருந்தவருக்கும், சுலபமானதை வைத்திருந்தவருக்கும் ஆபத்து ஒரே அளவாக இல்லை. ஆகவே அந்த ஒன்றில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. தொடர்பில்லாத ஐந்தாறு சொற்களைக் கண்ணை மூடி அகராதியைப் புரட்டி எடுத்துக் கோத்தால் போதும். பழமொழியோ சினிமாப் பாட்டோ வேண்டாம், அவை திருடர்களின் பட்டியலிலும் இருக்கும்.

வங்கியே எழுதாதே என்கிறதே என்பவர்களுக்கு: ஏடிஎம், யுபிஐ ரகசிய எண்களை எழுதவே வேண்டாம். தினமும் பயன்படுத்துவதால் அவை மனத்தில் நிற்கும். அவற்றோடு வங்கிக் கடவுச்சொல்லும் பெட்டகத்தின் முதன்மைச் சொல்லும் நினைவில் இருந்தால் போதும், மற்ற சுமையை இறக்கி வைப்பதே இவற்றை ஒழுங்காக நினைவில் வைக்க உதவும். இன்னொன்றும் உண்டு. குடும்பத் தலைவர் திடீரென்று இறந்துபோனால், மின்னஞ்சலைத் திறக்க வழியில்லாமல் காப்பீட்டுக் கடிதம் எங்கே, முதலீடு எங்கே என்று மனைவி அலைய நேர்கிறது. பீரோவில் ஒரு நோட்டு இருந்தால் எதைத் தேடுவது, யாரிடம் கேட்பது என்றாவது தெரியும்.

மக்கள் தங்கள் பங்கைச் செய்ய, தளங்கள் குறுக்கே நிற்காமல் இருக்க வேண்டும். கடவுச்சொல் கட்டத்தில் நகலெடுத்து ஒட்டுவதைத் தடுக்கும் தளங்கள் இன்னும் இருக்கின்றன. இருபது எழுத்துக் கடவுச்சொல்லைச் செயலி உருவாக்கித் தந்தாலும், அதைக் கைபேசியின் சிறு விசைப்பலகையில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டச் சொன்னால், எழுபது வயதுக்காரர் மறுபடியும் பேரனின் பெயருக்கே போவார். ஒட்டுவதை அனுமதிக்கும்படி 2017ஆம் ஆண்டின் அதே அமெரிக்க வழிகாட்டி கூறுகிறது. அரசுத் தளங்கள் அந்தத் தடையை முதலில் நீக்கட்டும்.