எஸ்எஸ்ஹெச்சைத் தொடாதே என்பவர்களுக்கு

போன வாரம் ஓர் அலுவலகத்தில், புதிதாகச் சேர்ந்த பையனை எல்லார் முன்னாலும் திட்டினார்கள். சர்வரை அப்கிரேட் செய்த கையோடு, எஸ்எஸ்ஹெச் வழியாக வரும் லாகின்களை ஏற்கும் எஸ்எஸ்ஹெச்டியை ரீஸ்டார்ட் செய்யப் போனானாம். "கனெக்‌ஷன் கட் ஆயிடும், அதைத் தொடாதே!" என்று கத்தினார் ஒரு சீனியர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எந்தக் கனெக்‌ஷன் கட் ஆகும்? போர்ட் 22-இல் காத்திருக்கும் எஸ்எஸ்ஹெச்டி, உள்ளே வரும் ஒவ்வொருவருக்கும் தனி ப்ராசஸைக் கிளப்பிவிடுகிறது. ரீஸ்டார்ட் ஆவது தாய் ப்ராசஸ் மட்டும். நம் செஷன் அசையாது. சிஸ்டம்டி கோப்பில் ‘கில்மோட்=ப்ராசஸ்’ என்ற வரி இருப்பதே அதற்குத்தான். டெபியனில் அப்கிரேடின்போதே பாக்கேஜ் தானாக ரீஸ்டார்ட் செய்கிறது. இந்தச் சீனியர்கள் அதைக் கவனித்ததுகூட இல்லை.

தொடாமல் விட்டால் பத்திரமா? 2024 ஜூலையில் ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 9.8 வந்தபோது, ஆர்ச் லினக்ஸில் அப்கிரேட் செய்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யாத சர்வர்கள் ஒரு புதிய லாகினையும் ஏற்கவில்லை. உடனே ரீஸ்டார்ட் செய்யுங்கள் என்று ஆர்ச்சே அறிவிப்பு போட்டது. மெமரியில் ஓடுவது பழைய எஸ்எஸ்ஹெச்டி. ஒவ்வொரு லாகினுக்கும் அது டிஸ்க்கில் இருக்கும் தன் பைனரியை மறுபடி இயக்கும். அங்கே உட்கார்ந்திருப்பதோ புதியது. லாகின் வேலையை அது வேறொரு பைனரிக்கு மாற்றிவிட்டது. இரண்டுக்கும் ஒத்துப்போகவில்லை. ஆக, வெளியே நின்றவர்கள் தொடாதவர்கள்!

அந்த 9.8 வந்ததே, பாஸ்வேர்ட் இல்லாமல் ரூட் வரை போக வழிவிட்ட ஓட்டையை அடைக்கத்தான். 2006-இல் அடைத்தது, 8.5 பதிப்பில் மறுபடி திறந்துகொண்டது. குவாலிஸ் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆட்கள் கண்டுபிடித்தார்கள். புதுப் பைனரியை இறக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்யாவிட்டால், போர்ட்டில் காத்திருப்பது பழைய ப்ராசஸாகவே இருக்கும். ரிப்போர்ட்டில் மட்டும் ‘பேட்ச் போட்டாச்சு’ என்று டிக் விழும். இது பாதி உண்மைதான்.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ‘sshd -t’ என்று தட்டினால் கான்ஃபிக் பிழையைச் சொல்லிவிடும். பிழை இல்லையா, ரீஸ்டார்ட் செய். இருக்கிற விண்டோவை மூடாதே. இன்னொன்றில் லாகின் செய்து பார். நுழைந்தால் முடிந்தது. நுழையாவிட்டால் சரிசெய்யப் பழைய செஷன் கையிலேயே இருக்கிறது. ஆர்ச்சில் மாட்டியவர்களும் இதைச் செய்திருந்தால் தப்பியிருப்பார்கள்.

இதே ஆட்கள்தான், சர்வர் வருடக்கணக்கில் ரீபூட்டே ஆகவில்லை என்று மார்தட்டுகிறார்கள். அத்தனை வருடமும் பழைய கெர்னலையே ஓட்டியதில் என்ன பெருமை? இவர்கள் பயப்படுகிறபடியே எஸ்எஸ்ஹெச் போனால் உள்ளே நுழைய மிச்சமிருப்பது கன்சோல் ஒன்றுதான். அதன் லாகின் யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள், ஒருவருக்கும் தெரியாது.