ஒன்பது இரவு, ஒன்பது வீடு

வீட்டில் ஒரு விருந்து வைக்க ஆசை. உற்றார் உறவினரை அழைக்க வேண்டும். அண்டை அயலாரைக் கூப்பிட வேண்டும். பிள்ளைகள் ஆடிப் பாடி மகிழ வேண்டும். ஆனால் கையில் பணம் இல்லை. என்ன செய்வது?

இந்தக் கேள்வி எல்லா நாட்டுக் குடும்பங்களுக்கும் உண்டு. சிலர் கடன் வாங்கி விருந்து வைக்கிறார்கள். விருந்து ஒரே நாளில் முடிந்துவிடுகிறது. கடன் முடிவதில்லை. வேறு சிலர், "நமக்கு ஏன் இந்த வம்பு?" என்று கதவைச் சாத்திக்கொள்கிறார்கள்.

மெக்சிகோ நாட்டு மக்கள் மூன்றாவது வழி ஒன்றை வைத்திருக்கிறார்கள். அது நல்ல வழி. அதை இங்கே பார்ப்போம்.

இடம் கேட்கும் பாட்டு

அமெரிக்க ஐக்கிய நாட்டுக்குத் தெற்கே இருப்பது மெக்சிகோ. அங்கே பெரும்பாலோர் கத்தோலிக்கக் கிறிஸ்தவர்கள். ஆண்டுதோறும் டிசம்பர் 16 முதல் 24 வரை, ஒன்பது இரவுகள் அங்கே ஒரு விழா நடக்கும். அதற்குப் பெயர் "போசாடா". ஸ்பானிய மொழியில் இதற்குத் தங்கும் இடம், சத்திரம் என்று பொருள்.

நிறைமாதக் கர்ப்பிணியான மரியாளும், அவர் கணவர் சூசையப்பரும் பெத்லகேம் ஊரில் தங்க இடம் தேடி அலைந்தார்கள் அல்லவா? சத்திரத்தில் இடம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள் அல்லவா? அந்தக் கதையைத்தான் மெக்சிகோ மக்கள் தெருவில் நடித்துக் காட்டுகிறார்கள்.

இருட்டியதும் தெருவார் ஒன்று கூடுவார்கள். கையில் மெழுகுவத்தி இருக்கும். பிள்ளைகள் மரியாள், சூசையப்பர் சிலைகளைத் தூக்கிக்கொண்டு முன்னால் போவார்கள். சில ஊர்களில் பிள்ளைகளே அந்த வேடம் போட்டுக்கொள்வார்கள். ஒரு வீட்டு வாசலில் போய் நிற்பார்கள். தங்க இடம் கேட்டுப் பாடுவார்கள்.

கதவு திறக்காது! "நீங்கள் யாரோ, எவரோ! போய்விடுங்கள்" என்ற பொருளில் உள்ளே இருப்பவர்கள் பதில் பாட்டுப் பாடுவார்கள். வெளியே இருப்பவர்கள் மறுபடியும் கெஞ்சுவார்கள். உள்ளே இருப்பவர்கள் மறுபடியும் விரட்டுவார்கள். கடைசியில், வந்திருப்பவர் யார் என்று வீட்டாருக்குத் தெரிய வரும். உடனே கதவு அகலத் திறக்கும். எல்லோரும் உள்ளே போவார்கள். முதலில் பிரார்த்தனை. அப்புறம் விருந்து!

இந்த வழக்கம் இன்று நேற்று வந்தது அல்ல. மெக்சிகோ நகரத்துக்கு அருகே அகோல்மான் என்ற ஊர் இருக்கிறது. அங்கே இருந்த துறவிகள் 1587-ஆம் ஆண்டில் இதைத் தொடங்கினார்கள் என்று சொல்லப்படுகிறது. அதற்கு முன்பு அஸ்டெக் மக்கள் அதே மாதத்தில் தங்கள் சூரியத் தெய்வத்துக்கு விழா எடுத்தார்கள். அந்த விழாவின் இடத்தில் துறவிகள் இந்த விழாவை வைத்தார்கள். முதலில் கோவில் முற்றத்தில் நடந்தது. பிறகு தெருவுக்கு வந்தது. தெருவிலிருந்து வீட்டுக்குள் வந்துவிட்டது.

பாரம் யார் தோளில்?

இன்று ஒரு வீட்டில் விருந்து. நாளை அடுத்த வீட்டில். மறுநாள் எதிர் வீட்டில். எந்த இரவு எந்த வீடு என்று தெருவார் முன்கூட்டியே பேசி முடித்துக்கொள்வார்கள். ஒன்பது நாள் கொண்டாட்டம் எல்லோருக்கும் உண்டு. ஒரு நாள் செலவுதான் ஒரு வீட்டுக்கு. அந்தச் செலவிலும் மற்றவர்கள் பங்கு கொள்வார்கள். ஒருவர் பழம் கொண்டு வருவார். ஒருவர் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொண்டு வருவார்.

விருந்தில் என்ன இருக்கும்? குளிருக்கு இதமாக, "போன்சே" என்ற சூடான பானம் இருக்கும். கொய்யாப் பழம், கரும்புத் துண்டு, புளி, பட்டை எல்லாவற்றையும் ஒரு பெரிய பானையில் போட்டு, அச்சு வெல்லம் சேர்த்துக் கொதிக்க வைப்பார்கள். தேஹோகோட்டே என்ற சின்ன மஞ்சள் பழமும் அதில் சேரும்.

அதோடு "தமால்" இருக்கும். பெயரைக் கேட்டுத் தமிழோடு உறவு என்று எண்ணிவிட வேண்டாம்! அது மெக்சிகோவின் பழைய நாவாட்டில் மொழிச் சொல். மக்காச்சோள மாவுக்குள் இறைச்சியும் மிளகாய்க் குழம்பும் வைத்து, சோளக் கதிரின் மடலில் பொதிந்து, ஆவியில் வேக வைப்பதுதான் தமால். தெற்குப் பகுதியில் வாழை இலையில் பொதிவார்கள். நம் கொழுக்கட்டை போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தமாலை ஒருவர் தனியாக உட்கார்ந்து செய்வதில்லை. பாட்டி, தாய், மகள், மருமகள், பக்கத்து வீட்டுக்காரி என்று பலர் கூடி உட்கார்ந்து செய்வார்கள். ஒருவர் மாவு பிசைவார். ஒருவர் மடலில் மாவைத் தடவுவார். ஒருவர் உள்ளே குழம்பு வைப்பார். ஒருவர் மடித்துக் கட்டுவார். பேச்சும் சிரிப்புமாக நூறு தமால் தயாராகிவிடும்.

பிள்ளைகளுக்குப் "பின்யாட்டா" உண்டு. ஒரு மண் பானையில் நிலக்கடலை, ஆரஞ்சு, கரும்பு, மிட்டாய் ஆகியவற்றை நிரப்புவார்கள். வெளியே வண்ணக் காகிதம் ஒட்டி, ஏழு கூம்புகள் வைத்து, நட்சத்திரம் போல அலங்கரிப்பார்கள். ஏழு கூம்பும் மனிதனைக் கெடுக்கும் ஏழு பாவங்களைக் குறிக்கும். பானையைக் கயிற்றில் கட்டித் தொங்க விடுவார்கள். பிள்ளைகள் கண்ணைக் கட்டிக்கொண்டு, கம்பால் அடிப்பார்கள். நம் ஊர் உறியடி உங்கள் நினைவுக்கு வரும். பானை உடைந்ததும் உள்ளே இருப்பது தரையில் கொட்டும். அதைப் பொறுக்கப் பிள்ளைகள் ஓடுவார்கள். பணக்கார வீட்டுப் பிள்ளைக்குத் தனிப் பங்கு கிடையாது!

பொம்மை சொல்லும் தீர்ப்பு

அடுத்த விருந்து யார் வீட்டில் என்பதை ஒரு பொம்மை முடிவு செய்யும் வழக்கமும் அங்கே உண்டு.

ஜனவரி 6-ஆம் நாள், மூன்று அரசர்கள் திருநாள். அன்று வளையம் போன்ற ஒரு பெரிய ரொட்டியை வீட்டார் கூடி வெட்டுவார்கள். அதற்கு "ரோஸ்கா" என்று பெயர். ரொட்டிக்குள் குழந்தை ஏசுவின் சின்னஞ்சிறு பொம்மை ஒளிந்திருக்கும். ஒவ்வொருவரும் தங்கள் துண்டைத் தாங்களே வெட்டிக்கொள்ள வேண்டும். யார் துண்டில் பொம்மை வருகிறதோ, அவர் பிப்ரவரி 2-ஆம் நாள் எல்லோருக்கும் தமால் விருந்து வைக்க வேண்டும். பெரிய ரொட்டியில் பல பொம்மைகள் இருக்கும். அகப்பட்டவர்கள் சேர்ந்து செலவைப் பகிர்ந்துகொள்வார்கள்.

பொம்மை வந்துவிட்டதே என்று அதை வாய்க்குள் ஒளித்துக்கொள்ளும் கஞ்சர்களும் உண்டு என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். ஆனால் இதில் ஓர் அருமையான கருத்து இருக்கிறது. விருந்து கொடுப்பது பணக்காரரின் பெருமை அல்ல. அது எல்லோருக்கும் முறை வைத்து வரும் கடமை.

மெக்சிகோவின் தெற்கே ஓஹாகா மாநிலம் இருக்கிறது. அங்கே வாழும் சபோடெக் மக்களிடம் "கெலகெட்சா" என்ற வழக்கம் உண்டு. ஒரு வீட்டில் கல்யாணம் என்றால், மற்றவர்கள் மக்காச்சோளம், கோக்கோ, வான்கோழி என்று கொண்டு வந்து கொடுப்பார்கள். யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வைப்பார்கள். கொடுத்தவர் வீட்டில் விசேஷம் வரும்போது, அதே அளவு திருப்பிக் கொடுக்க வேண்டும். வான்கோழியைக்கூட எடை போட்டு வாங்குவார்கள் என்றால் பாருங்களேன்! நம் மொய் நோட்டின் தங்கை என்று இதைச் சொல்லலாம். இதுவும் கடன்தான். ஆனால் வட்டி இல்லாத கடன். லேவாதேவிக்காரர் வாசலில் வந்து நிற்காத கடன்.

தொப்பி போதுமா?

இப்போது பல நாடுகளில் "மெக்சிகோ விருந்து" என்று ஒன்று நடக்கிறது. அமெரிக்காவில் மே மாதம் 5-ஆம் நாள் இது அமளிப்படும். பெரிய வைக்கோல் தொப்பி போட்டுக்கொள்வார்கள். ஒட்டு மீசை வைத்துக்கொள்வார்கள். குடித்துவிட்டுக் கூச்சல் போடுவார்கள்.

அது மெக்சிகோவின் சுதந்திர நாள் என்றே பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது தவறு. 1862-ஆம் ஆண்டு மே 5-ஆம் நாள், பூப்லா நகரில், தளபதி சரகோசாவின் மெக்சிகோப் படை பெரிய பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்தது. அந்த வெற்றியின் நாள் அது. சுதந்திர நாள் செப்டம்பர் 16. அந்த நாளில்தான், 1810-ஆம் ஆண்டில், இடால்கோ என்ற பாதிரியார் ஸ்பெயின் ஆட்சியை எதிர்த்துக் கிளம்பும்படி மக்களை அழைத்தார்.

உயிரைக் கொடுத்துப் போராடிய மக்களை, ஒட்டு மீசைக்குள் அடக்கிவிடலாமா? அங்கே குடியேறி வாழும் மெக்சிகோக் குடும்பத்துப் பிள்ளை அதைப் பார்த்தால் என்ன நினைக்கும்? "என் தாத்தாவைக் கேலி செய்கிறார்கள்" என்றுதானே நினைக்கும்?

வெளித்தோற்றத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு மக்காச்சோளமே சாட்சி. மெக்சிகோ மக்கள் சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேக வைத்து, ஊறப் போட்டு, தோலைக் கழுவிவிட்டுத்தான் அரைப்பார்கள். அதனால் சோளத்தில் உள்ள ஒரு முக்கியமான சத்து உடம்பில் சேரும். ஐரோப்பியர் சோளத்தைக் கொண்டு போனார்கள். சுண்ணாம்பு முறையைக் கொண்டு போகவில்லை. சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளுக்கு, 18-ஆம் நூற்றாண்டில், ஸ்பெயினிலும் இத்தாலியிலும் பெல்லாக்ரா என்ற கொடிய நோய் வந்தது. தோல் வெடித்தது. புத்தி பேதலித்தது. பலர் மாண்டார்கள். தானியம் போனது, அறிவு போகவில்லை. அதனால் வந்த துன்பம் அது.

விருந்துக்கும் இது பொருந்தும். தொப்பியை எடுத்துக்கொண்டு, பகிர்ந்து கொள்ளும் குணத்தை விட்டுவிட்டால், அது மெக்சிகோ விருந்து ஆகாது.

நம் அடுக்களையில் மெக்சிகோ

மெக்சிகோ நமக்கு அந்நியம் என்று எண்ண வேண்டாம். நாம் நாள்தோறும் கிள்ளிப் போடும் மிளகாய் அந்த நாட்டிலிருந்து வந்தது. 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் கப்பலில் இங்கே கொண்டு வந்தார்கள். தக்காளி, பப்பாளி, சப்போட்டா, செண்டுமல்லிப் பூ எல்லாம் மெக்சிகோவிலும் அதை ஒட்டிய நாடுகளிலும் விளைந்து, உலகெங்கும் பரவியவைதான். பதிலுக்கு நம் பக்கத்து மாம்பழம் பிலிப்பைன்ஸ் வழியாக, ஸ்பெயின் கப்பலில் ஏறி மெக்சிகோ போனது. இன்று அந்த நாட்டுப் பிள்ளைகள் புளி மிட்டாயில் மிளகாய்ப் பொடி தூவிச் சாப்பிடுகிறார்கள்!

நாம் அவர்கள் மிளகாயைச் சாப்பிடுகிறோம். அவர்கள் நம் மாம்பழத்தைச் சாப்பிடுகிறார்கள். கடல் கடந்த பகிர்வு இது.

எல்லாம் சரி, குறையே இல்லையா?

உண்டு. மெக்சிகோவிலும் கடன் வாங்கி ஊர்த் திருவிழா நடத்தி நொடித்துப் போனவர்கள் உண்டு. நகரங்களில் போசாடா என்பது அலுவலக விருந்தாகவும் ஆகிவிட்டது. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டாமலே பலருக்கு டிசம்பர் போய்விடுகிறது. சமையல் வேலை இன்னும் பெரும்பாலும் பெண்கள் தலையில்தான் விழுகிறது. ஒரு காலத்தில் அவர்கள் அம்மி போன்ற கல்லில் பல மணி நேரம் மாவு அரைத்தார்கள். மாவு மில் வந்த பிறகுதான் முதுகு நிமிர்ந்தது. ஆண்களும் உட்கார்ந்து தமால் மடித்தால், முதுகு இன்னும் நிமிரும்.

ஆனாலும் அந்த மக்கள் கண்ட வழியின் சிறப்பு குறையாது. செலவைப் பங்கு போடு. வேலையைப் பங்கு போடு. கடைசியில் கிடைக்கும் மிட்டாயையும் பங்கு போடு. இதுதான் அந்த வழி.

ஆகவே, உலகின் எந்த மூலையிலாவது, யாராவது மெக்சிகோ விருந்து வைக்க நினைத்தால், நாம் சொல்வது இதுதான்:

தொப்பி வாங்கும் காசுக்கு நாலு படி மாவு வாங்குங்கள். வருகிறவர்களைச் சமையல் முடிந்த பிறகு அழைக்காதீர்கள். மாவு பிசையும்போதே அழையுங்கள். பிள்ளைகளே பானைக்குக் காகிதம் ஒட்டட்டும். அடுத்த விருந்து யார் முறை என்பதை அங்கேயே, சிரித்துக்கொண்டே முடிவு செய்யுங்கள். தெருவில் தனியாக இருக்கும் கிழவியையும், புதிதாகக் குடி வந்தவரையும் மறந்துவிடாதீர்கள். இடம் இல்லை என்று விரட்டப்பட்டவர்களின் கதையிலிருந்து பிறந்த விருந்து அது.

கதவு தட்டப்படுகிறது. வெளியே நிற்பது யாரோ! பாட்டில் வேண்டுமானால் "போ" என்று பாடலாம். ஆனால் பாட்டு முடியும்போது கதவு திறந்தாக வேண்டும்.