ஸ்பீக்கருக்கு உபயம் உண்டு, யுபிஎஸ்ஸுக்கு?

1996 ஆகஸ்ட் 3-ல தீபகற்பம் முழுக்க கரண்ட் போச்சே, அந்த அளவுக்குப் போனாத்தான் ஆபத்துன்னு நினைக்கிறோம். போன வெள்ளிக்கிழமை பினாங்குல நம்ம கோயில்ல போனது 3 செகண்ட்தான். விளக்கு உடனே வந்துடுச்சு. டிஜிட்டல் மிக்சர் மறுபடி கிளம்ப 1 நிமிஷத்துக்கு மேல ஆச்சு. தேவாரம் பாடின அம்மா மைக் இல்லாமலே பாடி முடிச்சாங்க. பழைய அனலாக் மிக்சர்னா கரண்ட் வந்ததும் சத்தமும் வந்திருக்கும்.

“ஜெனரேட்டர்தான் இருக்கே”ங்கிறாங்க நிர்வாகத்துல. அது ஓடி லைன் மாற ஆகுற சில செகண்டே மிக்சரை அணைக்கப் போதும். ஃபேக்டரியில கண்ட்ரோல் பேனலுக்கு யுபிஎஸ் இல்லாம நாங்க வேலை ஆரம்பிக்கிறதில்ல. ஆம்ப்ளிஃபயருக்கு வேண்டாம், அது லோடு அதிகம். மிக்சர், ஸ்டேஜ் பாக்ஸ், வயர்லெஸ் ரிசீவருக்குச் சின்னதா ஒண்ணு போதும். பேட்டரியை மட்டும் சில வருஷத்துக்கு ஒருமுறை மாத்தணும்.

ஸ்பீக்கர்ல பேர் போட வரிசையில நிக்கிறோம். மேசைக்கு அடியில இருக்கிற பெட்டிக்கு உபயம் கேட்டா ஆளக் காணோம். தைப்பூசத்துக்கு முன்னாடி வாங்கியாகணும்ங்க.