பூட்டிய ஏடும் பூட்டிய மின்னூலும்

மின்னூல் வாசிக்கும் கருவி ஒன்று வாங்கவேண்டும்; எதை வாங்கலாம்? ஆசிரியர்கள் கேட்கிறார்கள், மாணவர்கள் கேட்கிறார்கள். கடல்கடந்து வாழும் ஊரவர், சரவணைப் பிள்ளைகளுக்கோ சனசமூக நிலையத்துக்கோ ஏதேனும் அனுப்ப எண்ணும்போதும் கேட்கிறார்கள். விடைகளுக்குக் குறைவில்லை. திரை எவ்வளவு கூர்மை, மின்கலம் எத்தனை நாள் நிற்கும், தண்ணீர் பட்டால் தாங்குமா, எடை எத்தனை கிராம் என்று அடுக்கிக்கொண்டே போகிறார்கள். இவையனைத்தும் கடைக்காரரின் விடைகள். விலை கொடுத்த பிறகு நூல் யாருடையது என்பதை இவற்றுள் ஒன்றும் தொடுவதில்லை. நமக்கோ அதுவே முதற் கேள்வி.

ஏன் என்பதைத் தமிழ் ஏட்டின் வரலாறு சொல்லும். ஓலைச்சுவடிகள் கறையானால் மட்டுமா அழிந்தன? வைத்திருந்தவர் பிறருக்குக் காட்டாமையாலும் அழிந்தன. பெட்டகத்தில் பூட்டிவைத்து, பூசைக்கு மட்டும் வெளியே எடுத்து, படிக்கக் கேட்டவனின் குலத்தை விசாரித்து வாசலோடு அனுப்பிய வீடுகள் எத்தனை! சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை ஏடு தேடி அலைந்து 1887இல் கலித்தொகையை அச்சேற்றியபோது நடந்தது வெறும் பதிப்புத் தொழில் அன்று. ஒரு பூட்டு உடைந்தது. சரவணை இருக்கும் அதே தீவின் கரம்பொன்னில் 1913இல் பிறந்த தனிநாயகம் அடிகள், 1679இல் அச்சான புரோயன்சாவின் தமிழ்-போர்த்துக்கேய அகராதியை வத்திக்கான் நூலகத்தில் கண்டெடுத்தார். கண்டதோடு நின்றாரா? 1966இல் அதன் பக்கங்களை ஒளிப்படப் பதிப்பாகவே வெளிக்கொணர்ந்தார். ஒரு நூலகத்தில் துயின்ற நூல் உலகத்து மாணவர் மேசைக்கெல்லாம் வந்தது. இவ்வழியில் வந்த நாம் மீண்டும் பெட்டகத்துக்குள் புகுவதா?

பெட்டகம் என்பது மிகையன்று. பெருங்கடைகள் விற்கும் மின்னூல்களில் பெரும்பாலானவை நூலல்ல; வாசிப்பதற்கான அனுமதிச் சீட்டு. சீட்டைக் கொடுத்தவரே அதைக் கிழிக்கவும் முடியும். 2009 ஜூலையில் அமேசன் நிறுவனம், விற்றவருக்கு உரிமையில்லை என்று கூறி, வாடிக்கையாளரின் கிண்டில் கருவிகளிலிருந்து சில நூல்களை அவர்கள் அறியாமலே அழித்தது. அழிக்கப்பட்டவற்றுள் ஒன்று ஜோர்ஜ் ஓர்வலின் ‘1984’! அந்நூலோடு தன் பாடக் குறிப்புகளையும் இழந்த மாணவன் ஒருவன் வழக்குத் தொடர்ந்தான். பணம் திரும்பியது, குறிப்புகள்? 2019இல் மைக்ரோசொஃப்ட் தன் மின்னூற் கடையை மூடியபோது, அங்கே வாங்கிய நூல்கள் யாவும் வாங்கியவர் கையிலிருந்து மறைந்தன. 2025 பெப்ரவரி 26 முதல், வாங்கிய கிண்டில் நூலைக் கணினியில் இறக்கி, கம்பிவழி கருவிக்கு மாற்றும் வசதியையும் அமேசன் நிறுத்தியது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில், இத்தகைய விற்பனை உரிமை மாற்றமன்று, அனுமதி மட்டுமே என்பதை வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்லவேண்டுமெனச் சட்டமே இயற்றினார்கள். விற்பவர் தாமாகச் சொல்லியிருந்தால் சட்டம் எதற்கு?

காகித நூலை வாங்கியவர் அதை மாணவனுக்குக் கொடுக்கலாம்; வாசிகசாலையில் வைக்கலாம்; மகளுக்கு விட்டுச் செல்லலாம். ஒருவரிடமும் அனுமதி கேட்கவேண்டியதில்லை. தீவகத்தின் வாசிப்பு இந்தக் கைமாற்றத்தில்தான் வளர்ந்தது. ஒரு நூல் வாங்கப் பண்ணைத் தாம்போதியைக் கடந்து பட்டணம் போகவேண்டிய ஊரில், அந்த ஒரு நூல் இருபது வீடுகளுக்குப் போகும். நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் அதுவே குறிகட்டுவானில் படகேறியும் போகும். பூட்டிய மின்னூல் இந்த இருபது வீடுகளில் பத்தொன்பதின் படலையைச் சாத்துகிறது. இதற்குப் பெயர் முன்னேற்றமாம்!

அப்படியானால் கருவியே வேண்டாமா? வேண்டும். “காகிதத்தின் மணம் வருமா?” என்று உருகுவோரிடம் ஒரு வார்த்தை. 2022 மார்ச்சில் இலங்கையில் காகிதம் இல்லாமற் போனதை அவர்கள் மறந்துவிட்டார்களா? மேல்மாகாணத்தில் பாடசாலைப் பரீட்சைகள் தள்ளிவைக்கப்பட்டன. நாளிதழ்கள் சில தம் அச்சுப் பதிப்பைச் சனிக்கிழமைகளில் நிறுத்தின. அந்நாட்களில் மின்வெட்டு ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை நீண்டது. மின்மைத் திரையோ எழுத்தை ஒருமுறை வரைந்துவிட்டால், அதைக் காட்டிக்கொண்டிருக்க மின்சாரமே கேட்காது. கரிய துகளும் வெண்துகளும் இடம்மாறும் கணத்தில்தான் மின்சாரம் செலவாகும். ஆகவே ஒருமுறை மின்னேற்றினால் வாரக்கணக்கில் நிற்கிறது. பின்னிருந்து கண்ணில் ஒளியைப் பாய்ச்சாது. தீவகத்து நண்பகல் வெயிலிலும் காகிதம்போலவே தெரியும். கைத்தொலைபேசியின் சிறு திரையில் கண்ணைச் சுருக்கி நாவல் படிக்கும் பிள்ளைக்கு இது சிறிய நன்மையன்று. 1981 ஜூன் முதல் நாளில் எரிந்த யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் இருந்தன. அவற்றுள் மறுபிரதி இல்லாதவையும் இருந்தன. பிரதியெடுக்கக்கூடிய நூலின் அருமையை நமக்கு யாரும் கற்பிக்கவேண்டியதில்லை.

ஆதலால் கருவியை நம் தேவையிலிருந்து தேர்வோம், விளம்பரத்திலிருந்தன்று. கிண்டில் 2007இல் பிறந்தது; அதன் கடை தமிழ் நூல்களுக்கு முறையாகத் திறந்ததோ 2016 டிசம்பரில். ஒன்பது ஆண்டுகள் தமிழ் வாசலில் நின்றது! மறுபுறம், 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், 2005இல் தொடங்கிய நூலகம் திட்டமும் எந்தக் கடையின் தயவும் இன்றி, தன்னார்வலர் உழைப்பால் பல்லாயிரம் பக்கங்களைப் பொதுவில் வைத்துவிட்டன. நமக்கு வேண்டிய ஈழத்து இதழ்களும் நூல்களும் பெரும்பாலும் நூலகம் திட்டத்திலேயே இருக்கின்றன. அவை ஒளிவருடிய பக்கங்கள், பிடிஎஃப் வடிவின. இங்கேதான் கடைக்காரரின் ஆலோசனை நம்மைக் கைவிடுகிறது. மலிவான ஆறு அங்குலக் கருவியின் திரை அகலம் ஏறத்தாழ ஒன்பது சென்ரிமீற்றர். சாதாரண நூற்பக்கத்தின் அகலம் பதினான்கு. படமாக இருக்கும் பக்கத்தில் எழுத்தைத் தனியே பெருப்பிக்க முடியாது. முழுப் பக்கமும் மூன்றில் இரண்டாகச் சுருங்கும். பெரிய அளவு இதழ்ப் பக்கமோ பாதியாகும். ‘ண’வையும் ‘ன’வையும் பிரித்தறியவே கண் வலிக்கும். பத்து அங்குலத் திரை அவ்வேலையைச் செய்யும், விலையோ பன்மடங்கு. ஒரு மாணவனால் அது இயலாது. ஒரு வாசிகசாலையால் இயலும். பத்துப் பேருக்குப் பத்துச் சிறு கருவி அனுப்பிப் படம் எடுப்பதைவிட, ஊருக்குப் பொதுவாகப் பெரிய கருவி இரண்டு அனுப்புவது மேல் என்று கொடையாளரிடம் கூசாமற் சொல்லவேண்டும். பாடநூல்களுக்கு இக்கருவி வேண்டாம். கல்வி வெளியீட்டுத் திணைக்களம் இணையத்தில் வைத்திருக்கும் பாடநூற் பக்கங்களின் வண்ணப் படங்கள் கருமை வெண்மைத் திரையில் உயிரிழந்துவிடும்.

நாவலும் சிறுகதையும் மட்டும் போதுமெனில் சிறு கருவியே போதும். ஆனால் ஈபப் என்ற பொது வடிவை அது நேராகத் திறக்கிறதா என்று பாருங்கள். கோபோ முதலிய கருவிகள் திறக்கும். கிண்டில் நேராகத் திறவாது. நிறுவனத்தின் வழங்கிக்கு அனுப்பி உருமாற்றிப் பெறவேண்டும், அல்லது கலிபர் என்ற இலவச மென்பொருளால் நாமே மாற்றிக்கொள்ளவேண்டும். கலிபர் உள்ள கணினி ஒன்று ஊரில் இருந்தால், எக்கருவியை வாங்கினாலும் பாதி அடிமைத்தனம் நீங்கும். வாங்குமுன் தமிழ்க் கோப்பு ஒன்றை அதில் திறந்து ‘கொ’, ‘கோ’, ‘கௌ’ ஆகியவற்றைப் பாருங்கள். கொம்பு எழுத்தின் பின்னால் போய் நின்றாலோ, எழுத்துக்குப் பதில் கட்டங்கள் தோன்றினாலோ, அது தமிழருக்குச் செய்த கருவியன்று. திருப்பிக் கொடுங்கள்.

“பூட்டு இல்லையேல் எழுத்தாளன் பட்டினி கிடப்பானே?” என்பார்கள். எழுத்தாளனின் பட்டினி பூட்டில்லாத காலத்திலும் இருந்தது, பூட்டு வந்த பின்னும் இருக்கிறது; பூட்டின் சாவி அவன் கையில் என்றும் இருந்ததில்லை. அவனுக்கு உரிய பணத்தைக் கொடுத்தே வாங்குவோம், அதில் வாதமில்லை. ஆனால் ஓர் உண்மையை நம் எழுத்தாளர்கள் அறியவேண்டும். அமேசனில் தம் நூலைத் தாமே ஏற்றும்போது, பூட்டு வேண்டுமா வேண்டாமா என்று அந்நிறுவனமே கேட்கிறது. “வேண்டாம்” என்று குறிக்க ஒரு சொடுக்குப் போதும். முற்போக்கு பேசும் நம் எழுத்தாளர்களில் எத்தனை பேர் அதைச் செய்திருக்கிறார்கள்? சட்டமும் நமக்குத் துணையில்லை. இலங்கையின் 2003ஆம் ஆண்டுப் புலமைச் சொத்துச் சட்டப்படி பதிப்புரிமை எழுத்தாளரின் மறைவுக்குப் பின் எழுபது ஆண்டு நிற்கும். 1973இல் மறைந்த புங்குடுதீவு மு. தளையசிங்கத்தின் எழுத்து 2043 முடிய உரியவரின் அனுமதிக்குக் கட்டுப்பட்டது. பாரதியின் எழுத்து 1949இல் நாட்டுடைமையானது. அத்தகைய ஏற்பாட்டை இங்கே கோரும் குரல் எங்கே? அதுவரை உரியவர்கள் தாமே முன்வந்து நூலகம் திட்டத்துக்கு எழுத்துமூலம் அனுமதி தரலாம், பலர் தந்திருக்கிறார்கள்.

கருவி வந்து சேர்ந்தால் அதை அலுமாரியில் வைத்துப் பூட்டி, விருந்தினர் வரும்போது காட்டும் வழக்கம் வேண்டாம். நூல் இரவல் கொடுக்கும் பதிவேட்டிலேயே அதற்கும் ஓர் எண் இடுக. எந்தக் கடையின் கணக்கும் இன்றிப் பொதுக் கோப்புகளையே அதில் நிரப்புக. அதே கோப்புகளின் பிரதி ஒன்று சனசமூக நிலையத்தின் வன்தட்டிலும், மற்றொன்று வேறோர் ஊரிலும் இருக்கட்டும். 1990, 1991ஆம் ஆண்டுகளின் இராணுவ நடவடிக்கைகளில் தீவகம் வெறிச்சோடியபோது வீடுகளில் விட்டுச் சென்றவற்றுள் நூல்களும் இருந்தன. தப்பியவை சில இன்னும் பெட்டிகளில் கிடக்கின்றன: பாடசாலை மலர்கள், கோயில் மலர்கள், முப்பத்தோராம் நாளில் கொடுத்த நினைவு மலர்கள். ஊரின் வரலாறு அவற்றில்தான் இருக்கிறது; எந்தக் கடையும் அவற்றை விற்கப்போவதில்லை. இவ்விடுமுறையில் உயர்தர மாணவர் நால்வர் ஒரு கைத்தொலைபேசியோடு அமர்ந்து, முதலில் அவற்றைப் பக்கம் பக்கமாகப் படமெடுக்கட்டும்.