நீலத்தைத் தின்னும் மஞ்சள்

சானமாவுக் காட்டோரம் யானை வந்தா எல்லாரும் படம் புடிக்கிறான். யானை கறுப்பா இருக்கேன்னு எவனும் திருத்தறதில்லை. மனுசன் கறுப்பா இருந்தாத்தான் திருத்தணும்.

நான் ஓசூரில் ஒரு ஸ்டுடியோவில் கம்ப்யூட்டரில் படம் திருத்துகிறவன். போன ஏப்ரல் 14 அன்று எங்கள் காலனியில் எடுத்த 300 படங்களும் என் கைக்கே வந்தன. "எல்லாத்துக்கும் மொத்தமா வார்ம் போட்டுடு" என்றார் முதலாளி. ஏதோ கல்யாணத்தில் வெளுத்த பெண்ணுக்காகக் குறித்துவைத்த அளவு. ஒரே தட்டு, 300க்கும் இறங்கிவிட்டது. அண்ணலின் கோட்டு சாம்பலாச்சு. கொடி அழுக்குப் பச்சையாச்சு. என் சித்தி முகம் செங்கல்லாச்சு.

மஞ்சள் ஏறினால் நீலம் சாகும். அது நிறத்தின் கணக்கு. எவள் முகத்தை வைத்து அளவு குறித்தான்? அது சாதியின் கணக்கு.

இந்தக் கணக்கு உலகம் பூரா உண்டு. கோடாக் கம்பெனி 1950களிலிருந்தே ஒரு வெள்ளைக்காரியின் படத்தை லேப்களுக்கு அனுப்பியது. 'ஷெர்லி அட்டை' என்று பேர். அவள் முகம் சரியாக வந்தால் நிறம் சரி. கறுப்பர் முகம் இருட்டில் கிடந்தது. பிலிமை மாற்றச் சொல்லி நெருக்கியவர்கள் சாக்லேட்காரரும் மரச்சாமான்காரரும் என்று அந்தக் கம்பெனியில் இருந்தவரே பிறகு சொன்னார். மனுசத்தோலைவிட மேசைக்கு மரியாதை!

'வார்ம் போட்டா முகம் களையா இருக்குமே' என்பீர்கள். சாயங்கால வெயில் படத்துக்கு நானும் போடுகிறேன். என் சண்டை மொத்தமாகப் போடுவதோடுதான். வெள்ளை வேட்டியையும் வெள்ளைச் சுவரையும் பார்த்து கேமரா வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்கிறது. கறுத்த முகம் முங்கிப்போகிறது. அதுக்கு வேண்டியது மஞ்சள் இல்லை, வெளிச்சம். ஒவ்வொரு படமாப் பார்த்து ஏற்றணும். நேரமாகுமாம். எங்க முகத்துக்கு நேரம் ஒதுக்காததும் தீண்டாமைதான்.

தென்னாப்பிரிக்க நிறவெறி அரசின் அடையாளப் புத்தகத்துக்கு போலராய்டு கேமரா போனதை எதிர்த்து, 1970இல் அந்தக் கம்பெனியிலேயே வேலை பார்த்த கரோலின் ஹண்டரும் கென் வில்லியம்சும் கிளம்பினார்கள். 1977இல் கம்பெனி அந்த நாட்டைவிட்டு வெளியேறியது. நான் செய்தது அவ்வளவு பெரிசில்லை. வார்மை அழித்துவிட்டு இரண்டு ராத்திரி உட்கார்ந்தேன். கூலி கிடையாது.

படத்தைப் பார்த்த சித்தி, "நான் இவ்ளோ கறுப்பாடா?" என்றாள்.

"ஆமா சித்தி. கொடியும் அவ்ளோ நீலம்."

தோழர்களே, கல்யாணமோ சாவோ, ஸ்டுடியோவில் காசு எண்ணி வைக்கும் முன்னால் கேளுங்கள்: எவன் முகத்தை அளவா வச்சு எங்களுக்கு நிறம் ஊத்துற?