அடுப்புக்கா, ஆலைக்கா?

மலையகத்து மின்சாரம் என்றால் நீர்வீழ்ச்சிகளும் அணைகளுமே நினைவுக்கு வரும். ஆனால் 2000களின் நடுப்பகுதியில் வலப்பனையில் விறகிலிருந்து மின்சாரம் பெறும் 1 மெகாவாட் நிலையமொன்று அமைக்கப்பட்டது. 2005இல், தேயிலை, இறப்பர், தெங்கு ஆகியவற்றுக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராகக் கிளிரிசீடியா அறிவிக்கப்பட்டது. விறகின் பெறுமதி அதன் நெருப்பில்தான் என்பதே அன்றைய கணக்கு.

இன்றைய விஞ்ஞானம் வேறு கணக்குச் சொல்கிறது. மரத்தின் எடையில் ஏறத்தாழக் கால் பங்கு லிக்னின். மரத்துக்கு உறுதி தருவது அதுவே. காற்றுப் புகாத கலத்தில் விறகைச் சுமார் 500 பாகை செல்சியஸுக்குச் சூடாக்கினால் லிக்னின் சிதைகிறது. எழும் ஆவியைக் குளிரவைத்தால் பீனோல் வகைச் சேர்வைகள் கொண்ட எண்ணெய் கிடைக்கும், கரி எஞ்சும். பீனோல், ஒட்டுப்பலகைப் பசைக்கு மூலப்பொருள். நோர்வேயின் பொரேகார்ட் நிறுவனம் மர லிக்னினை ஒட்சியேற்றி, வனிலா மணம் தரும் வனிலினையே தயாரிக்கிறது. இதில் இடர்ப்பாடும் உண்டு. சூடாக்கிப் பெறும் எண்ணெய் அமிலத்தன்மை உடையது, நாட்படத் தடித்துவிடும், சுத்திகரிக்கச் செலவு அதிகம்.

எனினும் என் கவலை இரசாயனம் பற்றியதன்று. இத்தகைய ஆலையொன்று மலையேறி வந்தால், அதன் கண்ணில் முதலில் படுவது கவ்வாத்து மிலாறுதான். திட்ட அறிக்கை அதனைக் 'கழிவு' என்று எழுதும். லயத்து அடுப்பைக் கேட்டால் வேறு பெயர் சொல்லும். பகலெல்லாம் கொழுந்து பறித்த பெண், மாலையில் தலைச்சுமையாகக் கொண்டுவந்து உலையேற்றுவது அந்த மிலாற்றைத்தான். 2022இல் எரிவாயு கிடைக்காமல் நகரத்தார் விறகு தேடி அலைந்தபோதுதான் அதன் அருமை பலருக்கும் புரிந்தது. மலையில் மிஞ்சும் மிலாறும் வீணாவதில்லை. மக்கி மண்ணுக்கு உரமாகிறது.

ஆலை வேண்டாம் என்பதல்ல என் வாதம். மரத்தூளும், தரிசு நிலத்தில் வளர்க்கும் கிளிரிசீடியாவும் அதற்குப் போதிய தீனியாகட்டும். அந்தத் தரிசில் ஒரு பங்கு தோட்டக் குடும்பங்களுக்கு உரிமையாகட்டும்; அவர்கள் விறகு சுமக்கும் கூலிகளாக அன்றி, விறகு விற்கும் விவசாயிகளாக ஆலை வாசலுக்கு வரட்டும்.

கொழுந்தின் இலாபம் எவருக்குப் போனது என்பதற்கு லயங்களே சாட்சி. விறகின் கதையும் அவ்வாறே முடிய வேண்டுமா?